முகக்கவசத்துக்கு முடிவு நாள் எது? வர்ஜீனியாப் பள்ளிகளில் பெற்றோர் தொடுத்த வழக்கு

கொரோனாப் பெருந்தொற்றின்போது பள்ளிகளில் விதிக்கப்பட்ட சுகாதாரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டும் என்ற பெற்றோரின் கோரிக்கை பல நாடுகளில் எழுந்தது. ஆயினும் அக்கோரிக்கை ஒரு தேர்தலின் மையப் பொருள்களுள் ஒன்றாகி, புதிய ஆளுநரின் முதல் நாள் ஆணையாகி, நான்கு நீதிமன்றங்களின் படியேறி, முடிவில் நிலையான சட்டமாகவே உருவெடுத்த இடம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம். ஏறத்தாழ 12.5 லட்சம் மாணவர்கள் படிக்கும் அம்மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் 131 பள்ளி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றையும் ஒரு பள்ளி வாரியம் நிர்வகிக்கிறது. தலைநகர் வாஷிங்டனை ஒட்டியுள்ள வட பகுதியில் ஃபேர்ஃபாக்ஸ், லவுடன் ஆகிய கவுண்டிகள், அதாவது நம் மாவட்டங்களுக்கு ஒப்பான ஆட்சிப் பிரிவுகள், தகவல் தொழில்நுட்ப வேலைகளுக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உட்பட இந்திய வம்சாவளியினர் கணிசமாக வாழும் பகுதிகளாகும். கிளர்ச்சி மிகக் கடுமையாக இருந்ததும் அங்கேதான்.

தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்கு இது ஒரு துண்டுத் துணிக்காக நடந்த சண்டையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஈராண்டு ஆவணங்களை வரிசைப்படுத்திப் படித்தால் வேறொரு குறை துலங்குகிறது. கட்டுப்பாடுகளை விதித்த அமைப்புகள் அவை தொடங்கும் நாளைத் துல்லியமாக அறிவித்தனவேயன்றி, எந்த நிலை எட்டப்பட்டால் அவை விலக்கப்படும் என்பதை எட்டக்கூடிய ஓர் அளவுகோலாகச் சொல்லவே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ‘எப்போது’ என்ற மருத்துவக் கேள்வி, ‘யார் முடிவு செய்வது’ என்ற அரசியல் கேள்வியாக உருமாறியது.

ஆறடியின் கணக்கு

2020 மார்ச் 13 அன்று ஆளுநர் ரால்ஃப் நார்தம் பள்ளிகளை இரண்டு வாரங்களுக்கு மூட உத்தரவிட்டார். பத்து நாள்களில் அது கல்வியாண்டு முழுவதற்குமான மூடலாக நீட்டிக்கப்பட்டது. மாநிலத்தின் மிகப் பெரிய பள்ளி மாவட்டமும் ஏறத்தாழ 1.8 லட்சம் மாணவர்களைக் கொண்டதுமான ஃபேர்ஃபாக்ஸ், அடுத்த கல்வியாண்டையும் 2020 செப்டம்பரில் கணினித் திரையிலேயே தொடங்கியது. பெரும்பாலான பிள்ளைகள் 2021 பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் வகுப்பறைக்குத் திரும்பினர். அதுவும் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே.

இரண்டு நாள் என்ற இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் ஆறடி இடைவெளி என்ற விதி. ஒவ்வொரு மாணவருக்கும் ஆறடி விட்டு இருக்கை போட்டால் ஒரு வகுப்பறையில் பாதிப் பேருக்குத்தான் இடம் இருக்கும் என்பதால், வகுப்பை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி வரச் செய்வதைத் தவிரப் பள்ளிகளுக்கு வழியில்லை. எனவே பெற்றோரின் முதல் கோரிக்கைகள் முகக்கவசத்தைப் பற்றியனவாக இல்லாமல், இடைவெளியைப் பற்றியனவாகவும் பள்ளி நாள்களின் எண்ணிக்கையைப் பற்றியனவாகவுமே இருந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 251 பள்ளி மாவட்டங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, முகக்கவசம் முதலான பிற ஏற்பாடுகள் இருக்கும்போது மூன்றடி இடைவெளியுள்ள பள்ளிகளுக்கும் ஆறடி இடைவெளியுள்ள பள்ளிகளுக்கும் இடையே தொற்று விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2021 மார்ச்சில் காட்டியது. நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், அதாவது சிடிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கக் கூட்டாட்சியின் பொதுச் சுகாதார அமைப்பு, அம்மாதம் 19ஆம் நாள் வகுப்பறை இடைவெளியை மூன்றடியாகக் குறைத்தது. ஓராண்டுக் காலம் இலட்சக்கணக்கான பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவைத்த ஓர் எண் ஒரே அறிவிப்பில் பாதியானதைக் கண்ட பெற்றோர், எஞ்சிய விதிகளையும் ஐயத்தோடு பார்க்கத் தொடங்கியது இயல்பே.

இழப்பின் அளவு பின்னரே எண்களாக வெளிவந்தது. கூட்டாட்சி அரசு நடத்தும் தேசியக் கல்வி அடைவுத் தேர்வில் வர்ஜீனியாவின் நான்காம் வகுப்பு மாணவர்களின் சராசரி மதிப்பெண், 2019ஆம் ஆண்டை ஒப்பிட 2022இல் வாசிப்பில் 10 புள்ளிகளும் கணிதத்தில் 11 புள்ளிகளும் சரிந்தது. நாடு முழுவதற்குமான சரிவு முறையே 3, 5 புள்ளிகளே. இந்தச் சரிவை முகக்கவசத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. முதன்மையான ஐயம் விழ வேண்டியது நீண்ட காலம் நீடித்த மூடலின்மீது. இருப்பினும் மூடலின்போது இழந்த நம்பிக்கையோடுதான் பெற்றோர் முகக்கவச விவாதத்துக்குள் நுழைந்தனர் என்பதை மறந்துவிட்டால், 2022ஆம் ஆண்டின் சினம் விளங்காது.

திறப்பதற்கான சட்டம், கட்டுப்படுத்தும் சட்டமான கதை

இந்த வரலாற்றில் மிகவும் வேடிக்கையான பகுதி 2021ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தைச் சார்ந்தது. மகப்பேறு மருத்துவரும் குடியரசுக் கட்சியின் மாநில செனட்டருமான சியோபன் டனவன்ட், பள்ளிகளைத் திறக்கச் செய்யும் நோக்கத்தோடு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். எல்லாப் பள்ளி மாவட்டங்களும் நேரடி வகுப்புகளை நடத்தியே ஆக வேண்டும் என்று விதித்த அச்சட்டம், அச்சத்தில் இருந்தவர்களுக்கு உறுதியளிக்கும் பொருட்டு, சிடிசி பரிந்துரைக்கும் தடுப்பு முறைகளை இயன்ற மட்டும் பின்பற்ற வேண்டும் என்ற ஒரு பிரிவையும் சேர்த்துக்கொண்டது. 2021 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்துக்கு 2022 ஆகஸ்ட் முதல் நாள் என்ற முடிவும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது.

ஜூலை இறுதியில், டெல்டா திரிபு பரவிய நிலையில், தடுப்பூசி போட்டவர்கள் உட்படப் பள்ளியில் உள்ள அனைவரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று சிடிசி பரிந்துரைத்தது. பரிந்துரை மட்டுமாக இருந்த அது, டனவன்ட்டின் சட்டப் பிரிவினால் வர்ஜீனியாவில் கட்டாயம் என்ற வலுவைப் பெற்றது. ஆகஸ்ட் 12 அன்று மாநிலச் சுகாதார ஆணையர் அதை முறையான ஆணையாகவே பிறப்பித்தார். பள்ளிகளைத் திறப்பதற்காக எழுதப்பட்ட சட்டம், பள்ளிக்குள் கட்டுப்பாட்டை நிலைநிறுத்தும் சட்டமாகிவிட்டது.

இனி அளவுகோலுக்கு வருவோம். ஒரு கவுண்டியில் ஏழு நாள்களில் ஒரு லட்சம் பேருக்கு 50 முதல் 99 புதிய தொற்றுகள் இருந்தால் அதைக் கணிசமான பரவல் என்றும், 100ஐத் தொட்டால் உயர் பரவல் என்றும் சிடிசி வகைப்படுத்தியது. தடுப்பூசி இல்லாத காலத்தில் பொருத்தமாகத் தோன்றிய அந்த எல்லை, ஒமிக்ரான் திரிபு பரவிய 2022 ஜனவரியில் நாட்டின் ஏறக்குறைய எல்லாக் கவுண்டிகளையும் உயர் பரவல் என்ற ஒரே நிறத்தில் காட்டியது. ஐந்து வயது முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் தொடக்கத்திலேயே தடுப்பூசி கிடைக்கத் தொடங்கியிருந்தும், வரைபடத்தில் அதனால் எந்த மாற்றமும் இல்லை. மேலும் அந்தப் பள்ளிப் பரிந்துரை பரவல் அளவோடு கட்டப்பட்டதே அன்று. எனவே எண்கள் குறைந்தாலும் கவசம் விலகும் என்ற உறுதி அதில் இல்லை.

வேறு வழி இருந்தது என்பதற்கு மாசசூசெட்ஸ் சான்று. ஒரு பள்ளியின் மாணவர்களும் ஊழியர்களுமாக 80 சதவீதத்தினர் தடுப்பூசி போட்டிருந்தால், போட்டவர்களுக்குக் கவச விதியைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று அம்மாநிலக் கல்வித் துறை 2021 இலையுதிர் பருவத்தில் அறிவித்தது. அந்த எண் சரியா தவறா என்று மருத்துவர்கள் வாதிடலாம். ஆனால் அது பெற்றோரின் கைக்கு எட்டக்கூடிய ஓர் எண்ணாக இருந்தது. வர்ஜீனியாவில் அப்படி ஒன்று இல்லை. அங்கே பெரியவர்களுக்கான பொது முகக்கவசக் கட்டாயம் 2021 மே மாதமே விலக்கப்பட்டுவிட்டதால், மாலையில் உணவகத்தில் கவசமின்றி அமரும் தாயும் தந்தையும், நோயின் கடுமை மிகக் குறைவாக இருந்த வயதிலுள்ள தம் பிள்ளை ஏழு மணி நேரம் கவசத்தோடு அமர்வதற்கான காரணத்தைக் கேட்டபோது, பள்ளி வாரியங்களிடம் இருந்த விடை சிடிசியின் பெயர் மட்டுமே. எழுத்தொலிகளை வாயசைவைப் பார்த்துக் கற்கும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கும், பேச்சுப் பயிற்சி பெறுபவர்களுக்கும், செவித்திறன் குன்றியவர்களுக்கும், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கும் கவசம் ஏற்படுத்திய இடையூறு பற்றிய முறையீடுகளும் இதே மௌனத்தையே எதிர்கொண்டன.

ஆளுநரின் ஆணை, வாரியங்களின் மறுப்பு

2021 நவம்பர் 2 அன்று நடந்த ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் கிளென் யங்கின், முன்னாள் ஆளுநரான ஜனநாயகக் கட்சியின் டெரி மெக்காலிஃபை ஏறத்தாழ இரண்டு சதவீதப் புள்ளிகளில் வென்றார். ஓராண்டுக்கு முன் ஜோ பைடன் பத்துப் புள்ளி வேறுபாட்டில் வென்ற மாநிலம் அது. பள்ளிகள் எதைக் கற்பிக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்லலாகாது என்ற பொருளில் மெக்காலிஃப் விவாத மேடையில் உதிர்த்த ஒரு வாக்கியத்தை யங்கினின் பிரசாரம் கடைசிவரை விடவில்லை. இந்தியாவில் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படும் ஆளுநரைப் போலன்றி, அமெரிக்க மாநில ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாகத் தலைவர், ஏறக்குறைய நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

2022 ஜனவரி 15 அன்று பதவியேற்ற நாளிலேயே யங்கின் பிறப்பித்த இரண்டாம் எண் நிர்வாக ஆணை, எந்தக் காரணமும் கூறாமலேயே தம் பிள்ளைக்கு முகக்கவசத்திலிருந்து விலக்குப் பெறும் உரிமையைப் பெற்றோருக்கு ஜனவரி 24 முதல் அளித்தது. பிள்ளையின் வளர்ப்பு, கல்வி, பராமரிப்பு ஆகியவற்றில் முடிவெடுப்பது பெற்றோரின் அடிப்படை உரிமை என்று கூறும் வர்ஜீனியாச் சட்டப் பிரிவை அது ஆதாரமாகக் காட்டியது. மாவட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஆணையை ஏற்காமல் கவச விதியைத் தொடர்ந்தன; ஃபேர்ஃபாக்ஸ், ஆர்லிங்டன், ரிச்மண்ட் உள்ளிட்ட ஏழு பள்ளி வாரியங்கள் வழக்கே தொடுத்தன.

பிப்ரவரி 4 அன்று ஆர்லிங்டன் நீதிபதி லூயிஸ் டிமாட்டியோ அந்த ஏழு மாவட்டங்களில் ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தார். முகக்கவசம் நல்லதா தீயதா என்ற வினாவுக்குள் நீதிமன்றம் புகவில்லை. பள்ளிகளை மேற்பார்வையிடும் அதிகாரத்தை மாநில அரசமைப்பு பள்ளி வாரியங்களிடம் ஒப்படைத்திருக்க, சட்டமன்றமும் சிடிசியைப் பின்பற்றுமாறு சட்டம் இயற்றியிருக்க, நெருக்கடிநிலை அதிகாரத்தின் பெயரால் ஆளுநர் அவ்விரண்டையும் மீறலாமா என்பதே அங்கே எழுந்த வினா. மறுபுறம் செசபீக் நகரப் பெற்றோர் சிலர், கவச விதி நீடிக்க வேண்டும் என்ற நோக்கில் ஆளுநரின் ஆணையை எதிர்த்து மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நேரடியாகச் சென்றனர். அம்மனு நடைமுறைக் காரணங்களால் பிப்ரவரி 7 அன்று தள்ளுபடியானது. லவுடனில் வேறு சில பெற்றோர் கவசத்தை வலியுறுத்திய தம் பள்ளி வாரியத்தின்மேலேயே வழக்குத் தொடுத்து, பிப்ரவரி 16 அன்று தமக்குச் சாதகமான தடையாணையைப் பெற்றனர்.

ஆக, ‘பெற்றோர்’ என்று ஒருமையில் பேசிய இரு தரப்பு அரசியல்வாதிகளும் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசினர். மனுதாரர் பெயர்ப் பட்டியலின் இருபுறமும் பெற்றோரே நின்றனர்.

பெற்றோர் உரிமை என்ற கோட்பாட்டுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நூறாண்டு வரலாறு உண்டு. பிள்ளைகளுக்கு ஜெர்மன் மொழி கற்பிப்பதைத் தடைசெய்த நெப்ராஸ்கா சட்டத்தை 1923இலும், எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே செல்ல வேண்டும் என்ற ஆரிகன் சட்டத்தை 1925இலும் அந்நீதிமன்றம் நீக்கியது. அதே நீதிமன்றம்தான், பெரியம்மைத் தடுப்பூசியை மறுத்தவருக்கு விதிக்கப்பட்ட ஐந்து டாலர் அபராதத்தை 1905இலும், தடுப்பூசிச் சான்றில்லாத மாணவியை டெக்சாஸ் பள்ளி சேர்க்க மறுத்ததை 1922இலும் சரியென்று உறுதிசெய்தது. பெற்றோரின் உரிமை, தொற்றுநோய்க்குப் பிள்ளையையோ சமூகத்தையோ உட்படுத்தும் உரிமையைத் தன்னுள் அடக்கியதன்று என்று 1944இலும் எழுதியது. முதல் இரண்டு தீர்ப்புகளை ஒரு தரப்பும் எஞ்சியவற்றை மறுதரப்பும் மேற்கோள் காட்டியதில், இரண்டும் ஒரே மரபின் பகுதிகள் என்பது மறைந்துபோனது.

சான்றுகள் சொன்னதும் சொல்லாததும்

முகக்கவசம் கிருமித் துகள்களை வடிகட்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வளர்ந்தவர் ஒருவர் பொருத்தமான கவசத்தைச் சரியாக அணிவது வேறு, ஏழு வயதுப் பிள்ளைகள் துணிக்கவசத்தை நாள் முழுவதும் மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டும் மதிய உணவுக்கு அவிழ்த்து வைத்துக்கொண்டும் இருக்கும் ஒரு பள்ளியில் கட்டாய விதி தரும் பயன் வேறு. உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கவசத்தைப் பரிந்துரைக்கவில்லை. ஆறு முதல் பதினொரு வயது வரை சூழலைப் பொறுத்து முடிவெடுக்கச் சொன்னது. சிடிசியோ இரண்டு வயதிலிருந்தே பரிந்துரைத்தது. இந்த வேறுபாட்டை வர்ஜீனியாப் பெற்றோர் இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டனரே தவிர, அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை.

ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டவில்லை. ஐந்து வயதில் கவசமின்றியும் ஆறு வயதில் கவசத்தோடும் பிள்ளைகள் படித்த ஸ்பெயினின் கட்டலோனியாவில், இவ்விரு வயதினரின் தொற்று விகிதங்களுக்கிடையே கவசத்தின் பயன் என்று சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இங்கிலாந்தின் கல்வித் துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட ஒப்பீட்டில், கவசம் பயன்படுத்திய 123 உயர்நிலைப் பள்ளிகளில் கொரோனாவால் வராதோர் விகிதம் 5.3 சதவீதத்திலிருந்து 3.0 ஆகவும், பயன்படுத்தாத பள்ளிகளில் 5.3இலிருந்து 3.6 ஆகவும் குறைந்திருந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று அத்துறையே ஒப்புக்கொண்டது. இவற்றுக்கு எதிர்த்திசையில், கவச விதி விலக்கப்பட்ட பின் பாஸ்டன் வட்டாரத்தின் 72 பள்ளி மாவட்டங்களை ஆராய்ந்து 2022 நவம்பரில் வெளியான ஆய்வு, விதியை உடனே விலக்கிய மாவட்டங்களில் பதினைந்து வாரங்களில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 45 தொற்றுகள் கூடுதலாக ஏற்பட்டதாகக் கணக்கிட்டது. இம்மூன்றுமே சீரற்ற முறையில் குழு பிரித்து நடத்திய சோதனைகள் அல்ல, நடந்ததைப் பார்த்துக் கணக்கிட்டவை. பரிசோதனை செய்துகொள்ளும் பழக்கம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறினாலே முடிவும் மாறக்கூடியவை. கவசம் சிறிதளவு பயன் தந்திருக்கலாம் என்பதே இவற்றிலிருந்து நேர்மையாகச் சொல்லத்தக்கது. அந்தச் சிறு பயனுக்காக எவ்வளவு காலம், எந்த வயதினரிடம், எவ்வளவு விலை கேட்கலாம் என்பது ஆய்வகம் விடை தரும் வினா அன்று. அதை வெளிப்படையாக விவாதித்திருக்க வேண்டிய இடம் பள்ளி வாரியத்தின் கூட்டம். அங்கேயோ கூச்சலே மிகுந்திருந்தது.

முடிவு நாளும், முடிவில்லாத சட்டமும்

முட்டுக்கட்டையை உடைத்தவர் ஆளுநர் அல்லர், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர். ஃபேர்ஃபாக்ஸைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் சாப் பீட்டர்சன், கவச விதியை முடிவுக்குக் கொண்டுவருமாறு தம் பகுதியின் பள்ளிக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். பின்னர், டனவன்ட் கொண்டுவந்திருந்த மற்றொரு பள்ளி மசோதாவில் பெற்றோரின் விலக்கு உரிமையைத் திருத்தமாகச் சேர்த்தார். ஜனநாயகக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த செனட்டில் அவரும் அவர் கட்சியின் வேறு இருவரும் ஆதரித்ததால், பிப்ரவரி 9 அன்று மசோதா 21க்கு 17 என்ற வாக்குகளில் நிறைவேறியது. கீழவையில் 52க்கு 48. பிப்ரவரி 16 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட அச்சட்டத்துக்குப் பள்ளிகள் மார்ச் முதல் நாளுக்குள் இணங்க வேண்டியிருந்தது.

அந்த வாரங்களில் காற்று எங்கும் திரும்பிக்கொண்டிருந்தது. நியூ ஜெர்சியின் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி, பள்ளிக் கவச விதி மார்ச் 7 அன்று முடியும் என்று பிப்ரவரி 7ஆம் நாளே அறிவித்திருந்தார். சிடிசியும் பிப்ரவரி 25 அன்று தன் அளவுகோலை மாற்றி, தொற்று எண்ணிக்கையோடு மருத்துவமனைச் சேர்க்கை, படுக்கை நிரம்பிய விகிதம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தது. அந்த ஒரு நாளிலேயே நாட்டு மக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் கவசம் தேவைப்படாத பகுதிகளில் வசிப்பவர்களாயினர். இந்த அளவுகோல் சில மாதங்கள் முன்னதாக வந்திருந்தால் வர்ஜீனியாவின் சட்டம் தேவைப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

ஆனால் சட்டம் வந்துவிட்டது. அதன் சுமை விழுந்தது மிகக் குறைவாகவே குரல் எழுப்ப முடிந்தவர்கள்மீது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், நுரையீரலைத் தாக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளோர் போன்ற பிள்ளைகளின் பன்னிரண்டு குடும்பங்கள், அருகில் அமரும் மாணவர்கள் கவசம் அணியாவிட்டால் தம் பிள்ளைகள் பள்ளிக்கே வர இயலாது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் முறையிட்டன. மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான மாற்றேற்பாடு செய்துதர வேண்டும் என்பது 1973, 1990ஆம் ஆண்டுகளின் கூட்டாட்சிச் சட்டங்கள் விதிக்கும் கடமை. சார்லட்ஸ்வில் நகரில் அமர்ந்த நீதிபதி நார்மன் மூன் 2022 மார்ச் 23 அன்று, அப்பிள்ளைகளின் பள்ளிகள் தேவைப்படும் இடத்தில் சக மாணவர்களைக் கவசம் அணியச் சொல்வதை மாநிலச் சட்டம் தடுக்கலாகாது என்று இடைக்கால ஆணை பிறப்பித்தார். சட்டம் முழுவதையும் அவர் நிறுத்தவில்லை. ஆணை வழக்குத் தொடுத்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றும் வரையறுத்தார். அவ்வழக்கு அந்த ஆண்டு டிசம்பரில் சமரசத்தில் முடிந்தது.

பீட்டர்சனின் திருத்தம் வர்ஜீனியாவின் கல்விச் சட்டத் தொகுப்பில் இன்றும் இருக்கிறது. விலக்குக் கேட்கும் பெற்றோரிடம் காரணமோ மருத்துவச் சான்றோ கேட்கலாகாது என்றும், அதனால் மாணவருக்கு எந்தத் தண்டனையும் நேரலாகாது என்றும் அது கூறுகிறது. தொற்றுநோய்ப் பேரிடரின்போது ஆளுநருக்கு உள்ள அதிகாரத்தை மட்டும் தொடாமல் விடுகிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்ததைப் போன்ற காலாவதி நாள் எதுவும் அதில் குறிக்கப்படவில்லை.